உடனே போவதா, பொறுத்துப் போவதா, திரும்பத் திரும்பப் போவதா?

பேரிடர் நடந்த மூன்றாம் நாளே, அந்த ஊருக்குப் போய் உதவ வேண்டும் என்று கல்லூரி மாணவர்கள் ஆசிரியர் அறை வாசலில் வந்து நிற்பார்கள். "போகலாமா?" என்று கேட்க மாட்டார்கள். "எப்ப மேடம் கிளம்பறோம்?" என்றுதான் கேட்பார்கள். அந்தத் துடிப்பை நான் மனதார மதிக்கிறேன். ஆனாலும் அவர்களோடு துணைக்குப் போகிறவர் அந்தத் துடிப்பின் வேகத்தில் முடிவெடுக்கக் கூடாது என்பது பல பயணங்களுக்குப் பிறகு எனக்கு உறுதியாகியிருக்கிறது.

அவர் முன்னால் நான்கு வழிகள் இருக்கின்றன. முதல் இரண்டு வாரத்துக்குள் முப்பது நாற்பது பேராகக் கிளம்பலாம். சில மாதம் பொறுத்து, விடுமுறையில் ஒரு வாரம் போய் வரலாம். ஏழெட்டுப் பேரை மட்டும் சேர்த்துக்கொண்டு, ஒரே ஊருக்கு இரண்டு மூன்று ஆண்டுகள் திரும்பத் திரும்பப் போகலாம். அல்லது போகாமல், இருந்த இடத்திலிருந்தே உதவலாம். என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முடிந்தால் மூன்றாவது வழி. அது முடியாவிட்டால் நான்காவது. இரண்டாவதற்கு ஒரு நிபந்தனை உண்டு. முதலாவது மிகச் சில சூழலில் மட்டுமே சரி.

முதல் இரண்டு வாரம்

இடிபாடுகளுக்குள்ளிருந்து ஆட்களை முதலில் வெளியே எடுப்பது பெரும்பாலும் பக்கத்து வீட்டுக்காரர்கள். பிறகு பயிற்சி பெற்ற மீட்புப் படையினர் வருகிறார்கள். கல்லூரி மாணவருக்கு அந்த வேலையில் இடமில்லை. அந்த நாட்களில் ஊரில் எது குறைவோ அதுவே நம் குழுவுக்கும் தேவை: குடிநீர், கழிப்பறை, படுக்க இடம், எரிபொருள், வண்டி போகும் பாதை. முப்பது பேர் போய் இறங்கினால், முகாமில் வரிசையில் நிற்பவர்களோடு இன்னும் முப்பது பேர் சேர்கிறார்கள், அவ்வளவுதான்.

2024 ஜனவரி 1 அன்று ஜப்பானின் நோட்டோ தீபகற்பத்தில் நிலநடுக்கம் வந்தபோது சாலைகள் பல இடங்களில் அறுந்துபோயின. தன்னார்வலர்கள் தாங்களாகக் கிளம்பி வர வேண்டாம் என்று உள்ளூர் அரசே கேட்டுக்கொண்டது. தன்னார்வலர்களை வரவேற்றுப் பழகிய நாடு அது. அப்படியிருந்தும் அவர்கள் வேண்டாம் என்றதை நாம் காது கொடுத்துக் கேட்க வேண்டும். நேபாளத்தில் 2015 ஏப்ரல் 25 அன்று 7.8 அளவில் நிலம் குலுங்கியது. பதினேழு நாள் கழித்து, மே 12 அன்று, 7.3 அளவில் மறுபடியும் குலுங்கியது. முதல் அதிர்ச்சியில் விரிசல் விட்டு நின்ற சுவர்கள் இரண்டாவதில் விழுந்தன. பாதி இடிந்த வீட்டுக்குள் சாமான் எடுக்க மாணவரை அனுப்பத் துடிக்கும் ஆசிரியருக்கு இந்த இரண்டு தேதிகளும் நினைவில் இருக்க வேண்டும்.

ஹைட்டியை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு கனக்கிறது. 2010 ஜனவரி நிலநடுக்கத்துக்குப் பிறகு, அதே ஆண்டு அக்டோபரில் அங்கே காலரா பரவியது. ஐ.நா. அமைதிப்படை முகாம் ஒன்றின் கழிவு ஆற்றில் கலந்ததுதான் அதன் தொடக்கம். ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். 2016 டிசம்பரில் ஐ.நா. பொதுச் செயலாளர் மன்னிப்புக் கேட்டார். அமைதி காக்கப் போனவர்களின் முகாமிலிருந்தே அவ்வளவு பெரிய தீங்கு வந்தது. நல்லெண்ணத்தோடு போகிறோம் என்பது மட்டும் எந்த ஊரையும் காப்பாற்றாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. அதை மறைத்துவிட்டு இந்த வழியைத் தள்ளுவது நியாயமாகாது. 1995 ஜனவரி 17 அன்று நிலநடுக்கத்தில் ஜப்பானின் கோபே நகரம் இடிந்தபோது, அந்த வட்டாரத்தில் 6,400 பேருக்கு மேல் இறந்தார்கள். ஓராண்டுக்குள் 13 லட்சத்துக்கும் அதிகமான தன்னார்வலர்கள் அங்கே வந்துபோனார்கள். அவர்களில் பலருக்கு அதுவே முதல் தொண்டு, மாணவர்களும் ஏராளம். தொடக்கத்தில் யார் எங்கே போவது என்று தெரியாமல் குழப்பம்தான். ஆனால் அந்த அனுபவத்திலிருந்துதான் ஜப்பானில், பேரிடர் வந்த ஊரில் தன்னார்வலர் மையம் திறந்து, வருகிறவர்களைப் பதிவு செய்து, கேட்கிற வீட்டுக்கு மட்டும் அனுப்பும் முறை வேரூன்றியது. சாப்பாடு, தண்ணீர், தங்குமிடம், காப்பீடு எல்லாவற்றையும் வருகிறவரே பார்த்துக்கொள்ள வேண்டும் என்ற வழக்கமும் நிலைத்தது.

ஆகவே, உங்கள் கல்லூரி பாதிக்கப்பட்ட ஊருக்கு அருகிலேயே இருந்து, மாலையில் மாணவர்கள் தத்தம் வீட்டுக்குத் திரும்ப முடியுமென்றால், முதல் வாரத்திலேயே போவதில் பொருள் இருக்கிறது. வெள்ளமாக இருந்தால் இன்னும் அதிகப் பொருள் இருக்கிறது. நனைந்த பொருளில் 24 முதல் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிடும். சேறு காய்ந்து இறுகினால் வேலை பல மடங்காகும். சேறு அள்ள அங்கே உண்மையிலேயே நிறையக் கைகள் வேண்டும். ஆனால் வெறுங்காலோடும் வெறுங்கையோடும் ஒருவரைக்கூட இறக்காதீர்கள். 2018 கேரள வெள்ளத்துக்குப் பிறகு எலிக்காய்ச்சல் பரவி உயிர்களைப் பறித்தது. வெள்ளநீரில் இறங்கி வேலை செய்பவர்கள் வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம் டாக்சிசைக்ளின் எடுத்துக்கொள்ள வேண்டும் என்று அரசு அறிவுறுத்தியது. எந்த மருந்து, யாருக்கு, எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அந்தக் கேள்வியைக் கிளம்புவதற்கு முன்பே கேட்பது உங்கள் வேலை. டெட்டனஸ் தடுப்பூசி எப்போது போட்டது என்று ஒவ்வொருவரிடமும் கேளுங்கள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், தடித்த கையுறை, பூஞ்சை பிடித்த அறைக்கு என்95 முகக்கவசம் இவற்றில் ஒன்று குறைந்தாலும் அந்த மாணவர் அன்றைக்கு வேலைக்கு இறங்கக் கூடாது. ஜெனரேட்டரை வீட்டுக்குள்ளோ சன்னலுக்குப் பக்கத்திலோ ஓடவிடவும் கூடாது. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது.

சில மாதம் பொறுத்து

கேமராக்கள் போன பிறகும் வேலை அப்படியே கிடக்கும். கத்ரீனா சூறாவளி 2005 ஆகஸ்டு 29 அன்று கரையைக் கடந்தது. அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் ஏறக்குறைய 80 விழுக்காடு நீரில் மூழ்கியது. அடுத்த ஆண்டு வசந்தகால விடுமுறையில் நாடெங்குமிருந்து கல்லூரி மாணவர்கள் ஆயிரக்கணக்கில் வந்தபோதுகூட, பல வீடுகள் வெள்ளம் வடிந்த அன்று இருந்த நிலையிலேயே பூட்டிக் கிடந்தன. ஊறிப்போன சுவர்ப்பலகைகளைப் பிய்த்து, மரச்சட்டம் மட்டும் மிஞ்சும்வரை வீட்டை உள்ளுக்குள் காலி செய்வதுதான் அவர்கள் செய்த முக்கியமான வேலை. தனிப்பட்ட திறமை தேவைப்படாத, ஆனால் கூலி கொடுத்துச் செய்தால் வீட்டுக்காரரை நொடித்துப்போட்டுவிடக்கூடிய வேலை. மாணவர்களுக்கு இதைவிடப் பொருத்தமானதைக் கண்டுபிடிப்பது கடினம்.

இந்த வழியின் நிபந்தனை என்னவென்றால், அந்த ஊரில் நம்மை வரவேற்கும் ஓர் அமைப்பு இருக்க வேண்டும். அந்த அமைப்புக்கு "வேண்டாம், இப்போது வராதீர்கள்" என்று சொல்லும் துணிவும் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் "வாங்க, வாங்க" என்கிற அமைப்பைக் கண்டால் எனக்குத் தயக்கம் வருகிறது. 2004 டிசம்பர் 26 சுனாமியில் 6,000 பேருக்கு மேல் பறிகொடுத்த நாகப்பட்டினம் மாவட்டத்தில், அடுத்த சில நாட்களுக்குள்ளேயே தொண்டு நிறுவனங்களை ஒருங்கிணைக்கும் மையம் ஒன்று மாவட்ட நிர்வாகத்தின் துணையோடு இயங்கத் தொடங்கியது. யார் எந்தக் கிராமத்தில் என்ன செய்கிறார்கள் என்பது ஓரிடத்தில் தெரிய வேண்டியிருந்தது. இல்லாவிட்டால் சாலையோர ஊருக்கு நான்கு முறை பொருள் வரும், உள்ளே இருக்கும் ஊருக்கு ஒருமுறைகூட வராது. அனுப்பப்பட்ட பழைய துணிகள் அப்போது தெருவோரங்களில் மலையாகக் குவிந்து, மழையில் நனைந்து வீணானதைப் பார்த்தவர்களுக்கு, கேட்காமல் கொடுப்பது என்னவாகும் என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

என் பிழையையும் இங்கே சொல்ல வேண்டும். ஒருமுறை, பேரிடர் நடந்து ஐந்து மாதம் ஆன ஓர் ஊருக்கு இருபத்தாறு பேரை அழைத்துப் போனேன். வேலை தயாராக இருக்கும் என்று நானே எண்ணிக்கொண்டேன். தொலைபேசியில் உறுதி செய்துகொள்ளவில்லை. இரண்டு நாள் மாணவர்கள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாம் நாள் சமுதாயக் கூடத்தின் சுவர்களுக்கு வண்ணம் அடித்தோம். எல்லோருக்கும் திருப்தி, படமும் எடுத்துக்கொண்டோம். அந்தக் கூடத்தை இடித்துவிட்டு வேறு கட்டப் போகிறார்கள் என்பது கிளம்புகிற அன்றுதான் தெரிந்தது. அதைவிட வலித்தது இன்னொன்று. இழப்பீட்டு விண்ணப்பங்களை நிரப்பத் தெரியாமல் எத்தனையோ குடும்பங்கள் தவித்துக்கொண்டிருந்தன. எங்கள் மாணவர்களால் அதை இரண்டே நாளில் முடித்துக்கொடுத்திருக்க முடியும். நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்கள்.

அதற்குப் பிறகு, கிளம்புவதற்கு முன் மூன்று விஷயங்களை விடாமல் கேட்கிறேன். இந்த வேலையை யார் கேட்டார்கள்? நாங்கள் வராவிட்டால் இதை யார் செய்வார்கள்? நாங்கள் போன பிறகு இதை யார் தொடர்வார்கள்? இரண்டாவது கேள்விக்கு "ஊர்க் கொத்தனார் செய்வார்" என்று பதில் வந்தால், அந்த வேலையை நாங்கள் தொடுவதில்லை. எல்லாம் இழந்து நிற்கும் ஊரில் அன்றாடக் கூலிதான் ஒருவரை நிமிர்ந்து நடக்க வைக்கிறது. அதை இலவச உழைப்பு பறித்துவிடக் கூடாது.

திரும்பத் திரும்ப

முதல் பயணத்தில் நமக்குக் கிடைப்பது வேலை. இரண்டாம் பயணத்தில் நம் பெயர் அவர்களுக்குத் தெரிந்திருக்கும். மூன்றாம் பயணத்தில்தான் உண்மை கிடைக்கும்: "போன தடவை நீங்க கொண்டுவந்து கொடுத்த அலமாரி எங்களுக்கு உதவல தம்பி, வேற ஒண்ணு கேட்கட்டுமா?" இந்தச் சொல்லைக் கேட்பதற்காகவே ஒரே ஊருக்குத் திரும்பப் போக வேண்டும் என்கிறேன். முதல்முறை வந்தவரிடம் யாரும் குறை சொல்வதில்லை. நன்றி மட்டும்தான் சொல்வார்கள். அந்த நன்றியை வைத்துக்கொண்டு நாம் செய்தது சரியா என்று கண்டுபிடிக்கவே முடியாது.

காலம் போகப்போக வேலையின் தன்மையும் மாறும். சேறு, இடிபாடு எல்லாம் முடிந்துவிடும். தற்காலிகக் குடியிருப்பில் ஒருவருக்கொருவர் அறிமுகமில்லாத முதியவர்கள் மிஞ்சுவார்கள். ஜப்பானில் இதற்கு அருமையான ஒரு வழக்கம் இருக்கிறது. கோபேயில் தொடங்கி, 2011-இல் வடகிழக்கு ஜப்பானின் தோஹோகு பகுதியைத் தாக்கிய நிலநடுக்கம், சுனாமிக்குப் பிறகு பரவலாக நடந்தது. ஒரு தொட்டியில் வெதுவெதுப்பான தண்ணீர் வைத்து, முதியவரின் கால்களை அதில் வைக்கச் சொல்லிவிட்டு, மாணவர் எதிரே தாழ உட்கார்ந்து அவர் கைகளை மெல்ல நீவிவிடுவார். கேள்வி எதுவும் கேட்பதில்லை. கண் நேருக்கு நேர் பார்க்க வேண்டிய கட்டாயமும் இல்லை. கொஞ்ச நேரத்தில் அவரே முணுமுணுப்பாக ஏதாவது சொல்லத் தொடங்குவார்: தூக்கம் வரவில்லை, மருமகளிடம் இதைச் சொல்ல முடியவில்லை, கடலைப் பார்த்தால் இன்னும் பயம். மாணவர்கள் அந்த முணுமுணுப்புகளைப் பிறகு எழுதிவைப்பார்கள்; யாருக்கு எந்த உதவி வேண்டும் என்பது அதிலிருந்து தெரியவரும். தொட்டியும் வெந்நீரும் பொறுமையும் போதும் இந்த வேலைக்கு. ஒரு வாரம் வந்து போகும் நாற்பது பேர் கொண்ட குழுவால் இதைச் செய்ய முடியாது.

உலகச் சுகாதார நிறுவனம் 2011-இல் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடும் இதே திசையைத்தான் காட்டுகிறது. பார், கேள், இணை என்ற மூன்று சொற்களில் அதைச் சுருக்கலாம். பாதுகாப்பாக இருக்கிறார்களா என்று பார், சொல்வதைக் கேள், தேவையான உதவியோடு அவர்களை இணை. நடந்ததைச் சொல்லச் சொல்லி யாரையும் வற்புறுத்தக் கூடாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. "உங்க வீட்ல யாராவது போயிட்டாங்களா?" என்று மாணவர் ஒருவர் அன்போடு கேட்டுவிட்டு, எதிரே இருந்தவர் அழுததைப் பார்த்துத் தானும் உடைந்துபோனதை நான் கண்டிருக்கிறேன். அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று நான் முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டும்.

இந்த வழியின் சுமைகளையும் எண்ணிப் பாருங்கள். மாணவர்கள் மூன்று ஆண்டில் படிப்பை முடித்துப் போய்விடுவார்கள். துணைக்குப் போகும் ஆசிரியர் வேறு கல்லூரிக்கு மாறலாம். நிர்வாகத்தின் ஆர்வம் வற்றலாம். டுலேன் பல்கலைக்கழகம் இதற்கு ஒரு விடை கண்டது. கத்ரீனாவால் மூழ்கிய நியூ ஆர்லியன்ஸிலேயே இருக்கும் அந்தப் பல்கலைக்கழகம், 2006 முதல் பட்டம் பெறுவதற்குச் சமூகப் பணியையும் ஒரு தகுதியாக்கியது. தனிமனிதர் ஆர்வத்தைப் பாடத்திட்டத்துக்குள் கொண்டுவந்தது. அந்த அளவுக்குப் போக முடியாத கல்லூரிகள் ஒவ்வொரு பயணத்திலும் பாதிப் பேராவது பழையவர்களாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளலாம். எங்களிடம் ஒரு குறிப்பேடு கைமாறிக்கொண்டே வருகிறது. எந்த வீட்டில் யாருக்குக் காது கேட்காது, எந்த நாளில் அந்தத் தெருவில் யாரும் பேச மாட்டார்கள், யாரிடம் எதைக் கேட்கக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கும்.

குழந்தைகளைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். ஒரு வாரம் கட்டிப்பிடித்து விளையாடிவிட்டு, "மறுபடி வருவேன்" என்று சொல்லிவிட்டு வராமல் போகிற அண்ணன்களும் அக்காக்களும் வேண்டாம். ஏற்கெனவே ஆட்களை இழந்த குழந்தைக்கு அது இன்னொரு இழப்பு. குழந்தைகளோடு வேலை இருந்தால், அங்கேயே நிரந்தரமாக இருக்கும் ஒருவர் நடத்த வேண்டும். நம் மாணவர் அவருக்குக் கையாளாக இருக்கலாம்.

துணைக்குப் போகிறவர்

எந்த வழியில் போனாலும் துணைக்குப் போகிறவர் அங்கே என்னவாக இருக்கப் போகிறார் என்று முடிவு செய்ய வேண்டும். சிலர் காவலராக நிற்பார்கள்: தலை எண்ணுவார்கள், நேரம் பார்ப்பார்கள். சிலர் மண்வெட்டியை எடுத்து முதல் ஆளாக இறங்கிவிடுவார்கள்; மாணவர்களுக்கு அவர்களைத்தான் பிடிக்கும். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். ஆனால் சேற்றில் குனிந்திருக்கும் ஆசிரியரின் கண்ணில், பத்தடி தள்ளித் தலைசுற்றி உட்கார்ந்த மாணவி படமாட்டாள். இப்போது இரண்டு பேர் போகிறோம். ஒருவர் வேலை செய்வார். மற்றவர் எந்த வேலையும் செய்யாமல் மாணவர்களை மட்டும் பார்ப்பார்; அடுத்த நாள் இருவரும் மாற்றிக்கொள்வோம்.

மாலையில் எல்லோரும் சேர்ந்து உட்காருவோம், பேச விருப்பமில்லாதவர் பேச வேண்டியதில்லை. நடந்ததையெல்லாம் ஒரே அமர்வில் சொல்லித் தீர்க்கவைக்கும் முறையை உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பதில்லை; இது பாதிக்கப்பட்டவர்களுக்குப் பொருந்துவது போலவே நம் மாணவர்களுக்கும் பொருந்தும் என்று நினைக்கிறேன். சிறு வயதில் தானே ஒரு வெள்ளத்திலோ விபத்திலோ யாரையாவது இழந்த மாணவர் குழுவில் இருக்கலாம். அவரிடம் கிளம்புமுன் தனியாகப் பேசுங்கள். நடுவில் திரும்ப விரும்பினால் காரணம் கேட்காமல் அனுப்ப ஏற்பாடு செய்துவையுங்கள். ஊர் திரும்பி இரண்டு வாரம் கழித்து மறுபடி ஒருமுறை எல்லோரையும் கூப்பிடுங்கள். தூக்கமின்மை, எரிச்சல், யாரோடும் பேசாமை எல்லாம் பயணத்தில் தெரியாமல், வீட்டுக்கு வந்த பிறகு வெளிப்படலாம்.

படம் எடுப்பதில் செஞ்சிலுவைச் சங்கமும் தொண்டு நிறுவனங்களும் 1994-இல் வகுத்துக்கொண்ட நடத்தை விதிகளின் பத்தாவது விதியையே நாங்கள் பின்பற்றுகிறோம். பாதிக்கப்பட்டவர்களைக் கண்ணியமுள்ள மனிதர்களாகக் காட்ட வேண்டுமே தவிர, கதியற்றவர்களாகக் காட்டக் கூடாது என்பது அது.

போகாமல் இருப்பது

இதை மாணவர்கள் தோல்வியாக எடுத்துக்கொள்வார்கள். அவர்களிடம் இரண்டு விஷயம் சொல்வேன். ஒன்று, இணையத்தில் திறந்த வரைபடம் தயாரிக்கும் பணி. 2010 ஹைட்டியிலும் 2015 நேபாளத்திலும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தன்னார்வலர்கள் தங்கள் அறைகளில் உட்கார்ந்தபடியே செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சாலைகளையும் கட்டடங்களையும் வரைந்தார்கள். களத்தில் இருந்தவர்கள் அந்த வரைபடத்தைப் பயன்படுத்தினார்கள். கணினி ஆய்வகத்தில் ஒரு மாலை நேரம் ஒதுக்கினால் நாற்பது மாணவரும் இதைச் செய்யலாம், களத்துக்கு யாரும் பாரமாக மாட்டார்கள். இரண்டு, பாதிக்கப்பட்ட ஊரிலிருந்து வந்து நம் வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கும் மாணவர். அவருக்குக் கட்டணம் கட்டத் தவணை வேண்டும், தேர்வைத் தள்ளிவைக்க வேண்டும், வீட்டோடு பேச ஓர் இடம் வேண்டும். நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பயணத்தைத் திட்டமிட்டுக்கொண்டே, அடுத்த பெஞ்சில் இருப்பவரைக் கேட்க மறந்துவிடுகிறோம்.

பயணச் செலவையும் ஒரு காகிதத்தில் கூட்டிப் பார்க்கச் சொல்வேன். நாற்பது பேரின் போக்குவரத்துக்கு ஆகும் தொகையை அப்படியே அந்த ஊர் அமைப்புக்கு அனுப்பினால் அங்கே எத்தனை நாள் கூலியாகும் என்று அவர்களே கணக்கிடட்டும். சில சமயம் அந்தக் கணக்குக்குப் பிறகு அவர்களே போக வேண்டாம் என்று முடிவெடுக்கிறார்கள்.

உங்கள் நிர்வாகம் ஓராண்டுக்கு மேல் உறுதி தராது என்றால், மூன்றாவது வழியைத் தேர்ந்துவிட்டதாக அந்த ஊரிடம் காட்டிக்கொள்ள வேண்டாம். "இந்த ஒருமுறைதான் எங்களால் வர முடியும்" என்று முதல் தொலைபேசி அழைப்பிலேயே சொல்லிவிடுங்கள். ஒரே வாரத்தில் தொடங்கி முடித்துவிடக்கூடிய வேலை எது என்று அவர்களுக்குத் தெரியும்: பள்ளி நூலகத்தில் நனைந்தது எது, மிஞ்சியது எது என்று பிரித்துப் பட்டியலிடலாம், வாய்க்காலில் அடைத்திருக்கும் மரக்கிளைகளை அகற்றலாம், விண்ணப்பங்களை நிரப்பித் தரலாம். முதியவர்களோடு உட்காரும் வேலையை அடுத்த மாதமும் வரக்கூடிய வேறு குழுவுக்கு ஒதுக்கிவைப்பார்கள்.